நடுவில் மூன்று நாள்

ஆய்வாளர்: கையை எடுங்க சார். குழாயைத் தொடாதீங்க.

தம்பி: கொஞ்சம் ஓடட்டும் மேடம். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதுலேர்ந்து இந்த பாத்ரூமை யாரும் புழங்கல. மொதத் தண்ணி கலங்கலா வரும்...

ஆய்வாளர்: அந்தக் கலங்கலுக்குத்தான் சார் ரெண்டு மாடி ஏறி வந்திருக்கேன். நல்ல தண்ணி எங்க சுகாதாரத் துறை ஆபீஸ்லயே கிடைக்கும்.

அக்கா: எதைத் தொடாதேன்னு சொன்னாலும் அதைத்தான் தொடுவான் மேடம். சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான்.

தம்பி: நீ எதுக்கு வந்தே? உன்னை யாரு கூப்பிட்டா?

அக்கா: எங்கப்பா தொண்டையில குழாயைச் சொருகிப் படுத்திருக்காரு. இன்னியோட நாலு நாள். எந்த வீட்டுத் தண்ணி அவரைச் சாய்ச்சுதுன்னு கண்ணால பாக்க வந்தேன்.

தம்பி: உங்கப்பாவா? அப்ப எனக்கு யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?

ஆய்வாளர்: ரெண்டு பேரும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சண்டை போடுங்க. நான் மாஸ்க் போட்டிருக்கேன், நீங்க போடல.

தம்பி: தண்ணியைக் குடிச்சாதானே மேடம் ஒட்டும்?

ஆய்வாளர்: குடிச்சா ஒட்டாது. ஷவர்லேர்ந்து பொடிப் பொடியா தெறிக்குது பாருங்க, அதை மூச்சோட இழுத்தா நேரா நுரையீரல்ல போய் உக்காரும். லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி.

தம்பி: பேரே வாயில நுழைய மாட்டேங்குது.

ஆய்வாளர்: வாயில நுழைய வேணாம் சார். மூக்குல நுழைஞ்சா போதும்.

அக்கா: நாலு பேரு வாழற வீட்ல எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் மேடம் வந்துச்சு?

ஆய்வாளர்: வயசு எழுபத்தொண்ணு. சர்க்கரை. பழைய சிகரெட்டு நெஞ்சு. அந்தக் கிருமிக்கு ரத்தினக் கம்பளம் விரிச்ச மாதிரி... சார், அந்த பாட்டிலை எங்க எடுத்துட்டுப் போறீங்க?

தம்பி: உள்ள வெள்ளையா என்னமோ தூள் ஒட்டியிருக்கு மேடம். கழுவிக் கொண்டுவரேன்.

ஆய்வாளர்: வெச்சுடுங்க. அது தூசி இல்ல, மருந்து. குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரினை முறிக்கும். இல்லேன்னா லேபுக்குப் போறதுக்குள்ள வழியிலயே கிருமி செத்துடும், நானும் வீடு சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன்.

அக்கா: கழுவறதுன்னா இவனுக்கு அப்படி ஒரு ஆசை. நாலு வருஷமா இவன் வீட்ல ஒரு டம்ளர் கழுவி நான் பாத்ததில்ல.

தம்பி: நாலு வருஷத்துல எத்தனை தடவை வந்து பாத்தே?

ஆய்வாளர்: ஒரு நிமிஷம்... இது என்ன வாடை?

தம்பி: வாடையா? எனக்கு ஒண்ணும் வரலியே.

ஆய்வாளர்: மாஸ்க்கையும் தாண்டி கண்ணு எரியுது, உங்களுக்கு வரல. ப்ளீச்சிங் பவுடரா? எப்ப போட்டீங்க?

தம்பி: நேத்து சாயங்காலம். ஆபீஸ்லேர்ந்து ஆள் வருதுன்னா வீட்டைக் கொஞ்சம் சுத்தமா வெச்சுக்க வேணாமா மேடம்? ஷவரைக் கழட்டி, வாளியில ஊறவெச்சு, பழைய பிரஷ்ஷால ஒவ்வொரு ஓட்டையா...

ஆய்வாளர்: ஒவ்வொரு ஓட்டையாவா. சபாஷ். ஃபோன்ல நான் என்ன சொன்னேன்? எதையும் கழுவாதீங்க, எதையும் திறக்காதீங்க, எதையும் மாத்தாதீங்க. சொன்னேனா இல்லையா?

தம்பி: சொன்னீங்க.

அக்கா: கேட்டீங்களா மேடம்? தடயத்தை அழிச்சிருக்கான். மடியில கனம் இருக்கவன்தானே இப்படி ராத்திரியோட ராத்திரியா தேய்ப்பான்?

தம்பி: சாயங்காலம்னு சொன்னேன்.

அக்கா: எழுதிக்குங்க மேடம். இவன் வீட்டுத் தண்ணிதான். எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு காப்பி குடுங்க. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் நான் அனுப்பணும்.

ஆய்வாளர்: அம்மா, முந்தாநாள் உங்க வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா?

அக்கா: இருக்கு. எல்லாத்தையும் காட்டினேனே.

ஆய்வாளர்: காட்டினீங்க. ஷவர்ல விலைச் சீட்டு ஒட்டியிருந்துச்சு.

தம்பி: என்னது?

ஆய்வாளர்: புத்தம் புதுசு. கடைக்காரர் ஒட்டின சீட்டைக்கூட உரிக்கல.

தம்பி: இவ ஷவரையே மாத்திட்டாளா? அடிப்பாவி. நான் கழுவினதுக்கு இந்த ஆட்டம் ஆடினியே.

அக்கா: அது... பழசு ஒழுகிட்டிருந்துச்சு. மாத்தணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

ஆய்வாளர்: ஒழுகின அந்தப் பழசை உங்க வீட்டுக் குப்பைத் தொட்டியில கையை விட்டு நானே எடுத்துட்டேன். லேபுக்குப் போயாச்சு. இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஆய்வுக்குப் போற வீடெல்லாம் பளபளன்னு இருக்கும். ஆஸ்பத்திரியில இருக்கிற ஆளு மட்டும்தான் அழுக்கா, மூச்சு வாங்கிட்டுப் படுத்திருப்பாரு.

தம்பி: மன்னிச்சுக்குங்க மேடம்.

ஆய்வாளர்: என்கிட்ட எதுக்கு? ஹீட்டர் எங்க இருக்கு? அதோட வயித்தையுமா கழுவிட்டீங்க?

தம்பி: இல்ல. அதைத் திறக்கத் தெரியல.

ஆய்வாளர்: நல்ல வேளை. அடியில ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதுல வண்டலை எடுத்துக்கறேன். வாஷ்பேசின் குழாய் முனையில சல்லடை இருக்கே, அதைக் கழட்டினீங்களா?

தம்பி: அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

ஆய்வாளர்: தெரியாததுதான் உங்களைக் காப்பாத்துது. நகருங்க... பஞ்சுக் குச்சியை உள்ள விட்டு ஒரு சுத்து... ம். இப்ப வெந்நீரைத் திறக்கறேன், தள்ளி நில்லுங்க. அறுபத்திரெண்டு டிகிரி.

தம்பி: அது நல்லதா கெட்டதா?

ஆய்வாளர்: நல்லது. இந்தச் சூட்டுல அது பிழைக்காது. வெதுவெதுப்புதான் அதுக்குப் பிடிக்கும். வாரக் கணக்குல ஆள் புழங்காத குழாய், பாதிச் சூட்டுல வெச்ச ஹீட்டர், அந்த மாதிரி இடத்துல பெருகும்.

அக்கா: அப்படின்னா இங்கதான் மேடம். அப்பா என் வீட்ல இருக்கிறப்ப இந்த பாத்ரூம் பூட்டியே கிடக்கும்.

தம்பி: உன் வீட்ல மட்டும் என்ன? அப்பா இங்க வந்தா உங்க வீட்ல அந்த பாத்ரூமுக்குள்ள விளக்குமாறும் பழைய பேப்பரும்தான் குளிக்கும்.

அக்கா: டேய், நாக்கை அடக்கு.

தம்பி: நீ அடக்கு மொதல்ல. ஆஸ்பத்திரி வராண்டாவுல அத்தனை பேரு முன்னாடி, அப்பாவைக் கொன்னுட்டியேடான்னு கத்தினியே. என் பொண்டாட்டி நாலு நாளா அங்கயே பெஞ்சுல உக்காந்திருக்கா. நீ வந்ததும் கத்தினதும், பத்து நிமிஷம்.

அக்கா: ஏன் கத்தினேன்? என் வீட்லேர்ந்து போறப்ப அவரு இருமக்கூட இல்ல. உன் வீட்டுக்கு வந்து அஞ்சே நாள், காய்ச்சல். பெத்த பொண்ணு பாத்துட்டு வாயில விரலை வெச்சுட்டு நிக்கணுமா?

ஆய்வாளர்: உஷ்... லேப்லேர்ந்து கூப்பிடறாங்க. சொல்லுப்பா... ஆமா, ரெண்டாவது வீட்லதான் இருக்கேன்... மொதல் வீடு சுத்தமா? பழைய ஷவரும்? சரி... என்னது? திரும்பச் சொல்லு... மூணுமா? மூணும் ஒரே வகையா?... எத்தனை மணிக்கு?... வீட்ல சொல்லிட்டாங்களா?... ம். ம். சரி, வெச்சுடறேன்.

அக்கா: என் வீடு சுத்தம்தானே? கேட்டியாடா?

தம்பி: மேடம்... என்ன ஆச்சு? உங்க குரலே மாறிப்போச்சு. எங்கப்பாவுக்கு...

ஆய்வாளர்: உங்கப்பா அப்படியேதான் இருக்காரு. பாட்டிலை மூடுங்க சார்.

தம்பி: எடுத்து முடிச்சாச்சா?

ஆய்வாளர்: இனிமே இங்க எடுத்து ஒண்ணும் பெருசா ஆகப்போறதில்ல. ரெண்டு பேரும் ஹாலுக்கு வாங்க. உக்காருங்க. நிக்காதீங்கம்மா, உக்காருங்க.

அக்கா: பயமா இருக்கு மேடம். விஷயத்தைச் சொல்லுங்க.

ஆய்வாளர்: உங்கப்பா படுத்திருக்கிற அதே ஆஸ்பத்திரியில, அதே வாரம், அதே காய்ச்சலோட இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் தையல் மிஷின் விக்கிறவர், ஊர் ஊரா சுத்தறவர். இன்னொருத்தி இன்டர்வியூவுக்காக வெளியூர்லேர்ந்து வந்த பொண்ணு, ஆஸ்துமா இழுப்பு உள்ளவ. மூணு பேரோட சளியிலயும் இருக்கிறது ஒரே கிருமி. ஒரே பானையில வெந்த சோறு.

தம்பி: அவங்க யாரும் எங்க வீட்டுக்கு வந்ததே இல்லியே.

ஆய்வாளர்: அதைத்தான் சொல்றேன். அவங்க உங்க வீட்ல குளிக்கல, இவங்க வீட்லயும் குளிக்கல. அப்ப மூணு பேரும் வேற எங்கயோ ஒரே குழாய்க்குக் கீழ நின்னிருக்காங்க. மிஷின் விக்கிறவர் இன்னிக்குக் காலையில ஆறேகாலுக்குப் போயிட்டாரு.

அக்கா: போயிட்டாருன்னா...

ஆய்வாளர்: போயிட்டாரும்மா. நாப்பத்தெட்டு வயசு.

தம்பி: ஐயோ.

ஆய்வாளர்: அவர் எங்க தங்கினாருன்னு வீட்ல யாருக்கும் தெரியல. பையில ஒரு ரசீது இல்ல, ஃபோனைத் திறக்க முடியல. அந்தப் பொண்ணு, ஃபிரண்டு ரூம்ல தங்கறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கா. அந்த ஃபிரண்டு, வரவே இல்லைங்கிறா. கேக்கலாம்னா பொண்ணுக்கு நினைவு இல்ல. ரெண்டு பேரும் வெளியூர். உங்கப்பா மட்டும்தான் உள்ளூர். ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு வீடு, ரெண்டு பாத்ரூம் இருக்கிற மனுஷன். அவருதான் கணக்குல உதைக்கிறாரு.

தம்பி: அப்பா வெளியில எங்கயும் போக மாட்டாரு மேடம். சாயங்காலம் நூலகம், அவ்வளவுதான்.

ஆய்வாளர்: குழாயைச் சொருகறதுக்கு முன்னாடி டாக்டர் அவரையே கேட்டிருக்காரு. ஐயா, ரெண்டு வாரமா எங்கெங்க தங்கினீங்க, எங்கெங்க குளிச்சீங்கன்னு. என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? 'எம் பிள்ளைங்க வீட்லதான், வேற எங்க போவேன்?'

அக்கா: அதானே. வேற எங்க போவாரு?

ஆய்வாளர்: அதை நான் உங்க ரெண்டு பேரையும் கேக்கறேன். காய்ச்சல் வந்தது பதினொண்ணாம் தேதி. இந்தக் கிருமி உள்ள போனா ரெண்டு நாள்லேர்ந்து பத்து நாளுக்குள்ள வேலையைக் காட்டும். அப்ப எனக்கு ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஒவ்வொரு நாளும் வேணும். நீங்க தனித்தனியா எழுதிக் குடுத்த ஃபாரம் இங்க இருக்கு. இது உங்களோடதா பாருங்கம்மா.

அக்கா: என்னோடதுதான்.

ஆய்வாளர்: 'மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா என் வீட்டிலிருந்து கிளம்பினார்.' சார், இது உங்களோடது. 'ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை அப்பா என் வீட்டுக்கு வந்தார்.' ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?

தம்பி: வண்டியில இருபது நிமிஷம்.

ஆய்வாளர்: அப்ப மூணு நாளா எந்த சிக்னல்ல நின்னுட்டிருந்தாரு?

அக்கா: நான்தான் மேடம் தப்பா எழுதிட்டேன். ஆஸ்பத்திரி அவசரத்துல கை எங்க, மனசு எங்க. ஆறாம் தேதிதான் கிளம்பினாரு.

தம்பி: இல்ல மேடம், தப்பா எழுதினது நான். மூணாம் தேதியே இங்க வந்துட்டாரு.

ஆய்வாளர்: பிரமாதம். முதல்ல மூணு நாளும் எந்த வீட்லயும் இல்ல. இப்ப மூணு நாளும் ரெண்டு வீட்லயும் இருக்காரு. இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா உங்கப்பாவை ரெண்டாப் பிளந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்குவீங்க போல.

தம்பி: மேடம், அது வந்து...

ஆய்வாளர்: காலையில ஒரு ஆள் செத்திருக்காரு சார். உங்க குடும்ப மானத்தை மூட்டை கட்டி அந்த மூலையில வைங்க. இந்த நிமிஷம் யாரோ ஒருத்தர் அந்த ஷவரைத் திறந்துட்டு, வெதுவெதுன்னு இருக்கு, சுகமா இருக்குன்னு நின்னுட்டிருப்பாங்க. மூணாம் தேதி காலையில பத்து மணிக்கு உங்கப்பா எங்க போனாரு?

அக்கா: இவன் வீட்டுக்குத்தான். வண்டி போட்டு அனுப்பிச்சேன். அவரோட பை, மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, எல்லாம் எடுத்து வெச்சு அனுப்பிச்சேன். என் முறை முடிஞ்சுது.

தம்பி: முடியல. உன் முறை ஆறாம் தேதி வரைக்கும்.

அக்கா: நாலு வாரம்.

தம்பி: ஒரு மாசம்.

அக்கா: அம்மா போனப்ப என்ன பேசினோம்? நீ நாலு வாரம், நான் நாலு வாரம்.

தம்பி: மாசம்னுதான் பேசினோம். மாசம் மாசமா. நான் ஆறாம் தேதி வாங்கி ஆறாம் தேதி குடுக்கறேன். முப்பத்தொரு நாள்னா முப்பத்தொரு நாளும் வெச்சுக்கறேன். நீதான் இருபத்தெட்டு நாள்ல கழட்டி விடறே.

அக்கா: என்னடா வாங்கி குடுக்கறே? அவரென்ன கேஸ் சிலிண்டரா?

தம்பி: அதை நீ சொல்றியா?

ஆய்வாளர்: நிறுத்துங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அக்கா வாரக் கணக்கு. தம்பி மாசக் கணக்கு. அப்ப ஒவ்வொரு தடவை அக்கா அனுப்பறப்பவும் நடுவுல ரெண்டு நாளோ மூணு நாளோ தொங்குது. அப்படித்தானே?

தம்பி: பிப்ரவரியில தொங்காது.

ஆய்வாளர்: ரொம்ப சந்தோஷம். வருஷத்துல ஒரு மாசம் அந்த மனுஷன் நிம்மதியா இருந்திருக்காரு. இது எத்தனை வருஷமா நடக்குது?

தம்பி: ரெண்டு வருஷம்.

ஆய்வாளர்: ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட ஒருத்தருக்கொருத்தர் ஃபோன் போட்டு, அப்பா வந்துட்டாரா, கிளம்பிட்டாரான்னு கேட்டுக்கல?

அக்கா: நாங்க பேசிக்கறதில்ல.

ஆய்வாளர்: இப்ப பேசறீங்களே, தெருவே கேக்குது.

அக்கா: ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இவன் மூஞ்சியைப் பாத்ததே ஆஸ்பத்திரியிலதான் மேடம். அப்பாவைப் பத்தி ஏதாவது தெரியணும்னா அப்பாவையே கேட்டுப்போம். போனதும் கூப்பிட்டேன், 'வந்து சேந்துட்டேம்மா'ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பண்ணணும்?

தம்பி: எங்க வந்து சேந்தாருன்னு கேட்டிருக்கணும்.

அக்கா: நீ கேட்டியா? உன் வீட்டு வாசல்ல வந்து நின்னவரை நீ உள்ள விடலியோ என்னவோ. யாருக்குத் தெரியும்?

தம்பி: நிறுத்து. என் வாசலுக்கு வந்த மனுஷனை நான் திருப்பி அனுப்பினதே இல்ல. ஆறாம் தேதி காலையில ஏழு மணிக்கு கதவைத் தட்டுவாரு. குளிச்சு, சட்டை மாத்தி, திருநீறு வெச்சு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்ததில்ல.

ஆய்வாளர்: அப்ப நடுவுல அவர் எங்கேன்னு நீங்க யோசிக்கவே இல்ல.

தம்பி: அக்கா வீட்லன்னு நெனச்சேன்.

ஆய்வாளர்: என்னைப் பாத்துச் சொல்லுங்க சார்.

தம்பி: அக்கா வீட்லன்னு... நெனச்சுக்கிட்டேன்.

ஆய்வாளர்: நெனச்சீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?

தம்பி: அஞ்சாம் தேதி சாயங்காலம் ஃபோன் பண்ணினேன். எங்கப்பா இருக்கீங்கன்னேன். 'அக்கா வீட்லதான்டா, டிவி பாத்துட்டிருக்கேன்'னாரு. பின்னாடி மைக்ல அறிவிப்பு கேட்டுச்சு. இந்த இடத்துக்குப் போற பஸ் மூணாவது நடைமேடையிலன்னு. ஹாரன் சத்தம். டிவியில அப்படியெல்லாம் வராது.

அக்கா: கேட்டுட்டுமா சும்மா இருந்தே?

தம்பி: சரிப்பா, மாத்திரை போட்டுக்குங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

அக்கா: அட பாவி. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற அப்பாவை, மாத்திரை போட்டுக்குங்கன்னு...

தம்பி: என் கணக்குல இன்னும் ஒரு நாள் இருந்துச்சு. போய்க் கூட்டிட்டு வந்தா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. போதுமா? சொல்லிட்டேன். போய் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பு.

அக்கா: அனுப்புவேன். நீ மகனாடா? பெத்த அப்பன் பஸ் ஸ்டாண்டுல கிடக்கிறான்னு தெரிஞ்சும் கண்ணை மூடிட்டுப் படுத்தவன். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது.

தம்பி: நீ அனுப்பாம இருந்திருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?

அக்கா: என் வீட்ல ஒரு நாள் கூடினா என்ன நடக்கும்னு உனக்கு என்னடா தெரியும்? இருபத்தேழாம் நாளே உங்க அத்தான் காலண்டரைத் திருப்பிப் பாப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. சும்மா பாப்பாரு. அப்பா அதைப் பாத்துட்டுத் தானே பையை எடுத்து வெளிய வெப்பாரு. நீ ஆம்பளை, உன் வீடு உன் பேர்ல. நீ என்னைக் கேக்கறியா?

ஆய்வாளர்: போதும். எனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு, பாதி. பஸ் ஸ்டாண்டு. அப்ப அங்க ஏதோ ஒரு லாட்ஜ். மத்த ரெண்டு பேரும் வெளியூர், பஸ்ஸுலதான் வந்திருப்பாங்க. எந்த லாட்ஜ் சார்?

தம்பி: சத்தியமா தெரியாது மேடம்.

ஆய்வாளர்: பஸ் ஸ்டாண்டைச் சுத்தி நாப்பத்து மூணு லாட்ஜ் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் முப்பது, நாப்பது ரூம். என்கிட்ட ஆள் மூணு பேர்.

தம்பி: அப்பா ஃபோட்டோ தரேன். காட்டிக் கேளுங்க.

ஆய்வாளர்: கேட்டா, ஆமா எங்க லாட்ஜ்தான், வாங்கன்னு யாரு சொல்லுவா? மொதல் லாட்ஜ்ல நான் கால் வெச்சதும் மத்த நாப்பத்திரெண்டுலயும் ஷவரைக் கழட்டிக் கழுவிடுவாங்க. உங்களை மாதிரியே. அப்புறம் கிருமி எங்க இருந்துச்சுன்னு சாமிதான் சொல்லணும். இருக்கிற குழாயையெல்லாம் பாத்து முடிக்க பத்து நாள் ஆகும். அதுக்குள்ள இன்னும் எத்தனை பேரு இழுத்துக்கிட்டு வருவாங்களோ.

தம்பி: வேற வழி இல்லியா மேடம்?

ஆய்வாளர்: இருக்கு. வண்டி போட்டு அனுப்பிச்சேன்னு சொன்னாங்களே அக்கா. அந்த வண்டிக்காரர் எங்க இறக்கிவிட்டாருன்னு கேட்டா, பக்கத்துல எங்க போனாருன்னு தடம் கிடைக்கும். அம்மா, அவர் நம்பர் குடுங்க.

அக்கா: நம்பர்... ஃபோன் மாத்தினப்ப அழிஞ்சு போச்சு மேடம்.

ஆய்வாளர்: பேரு, வண்டி நிக்கிற இடம்?

அக்கா: ரோட்ல போன வண்டியைக் கைகாட்டி நிறுத்தினேன். யாருன்னு தெரியாது.

தம்பி: என்ன உளர்றே? உங்க தெரு முனையில நிக்கிற பெரியவரைத்தானே எப்பவும் கூப்பிடுவே? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் அவருதானே?

அக்கா: அவரு இப்ப வண்டி ஓட்டறதில்ல.

தம்பி: யாரு சொன்னா? முந்தாநாள்கூட ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தேன். அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டாரு. அவர் நம்பர் என்கிட்ட இருக்கு மேடம். ஒரு நிமிஷம்.

ஆய்வாளர்: போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

அக்கா: வேணாம்.

தம்பி: ஏன் வேணாம்?

அக்கா: ஃபோனைக் கீழ வைடா.

தம்பி: ஒரு உசுரு போயிருக்கு. ஒரு பொண்ணு நினைவில்லாம கிடக்கா. அப்பா கிடக்காரு. அவரு எங்க இறக்கிவிட்டாருன்னு ஒரு வார்த்தை கேக்கறதுல உனக்கு என்ன போச்சு? மணி அடிக்குது மேடம்...

அக்கா: வைடான்னு சொல்றேன்ல... அவருக்கு நான் உன் வீட்டு அட்ரஸைக் குடுத்ததே இல்ல. எழுதிக்குங்க மேடம். பஸ் ஸ்டாண்டு கிழக்கு வாசலுக்கு எதிர்ல, மருந்துக் கடைக்கு மேல இருக்கிற லாட்ஜ். மூணாவது மாடி, கடைசி ரூம். ரெண்டு வருஷமா அதே ரூம்தான். ரெஜிஸ்டர்ல அப்பா பேரைத் தேடாதீங்க, இருக்காது... ஒவ்வொரு தடவையும் என் பேர்லதான் ரூம் போடுவேன்.